பின்னால் வந்தவர்கள் நாம்: துர்க்கனவு நாவல்களும் நம் ஊர்க் கட்டுப்பாடும்

(அடி அண்ணாமலையில் நிகழ்த்திய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வாத்தியாரின் பெயர் அழைப்பிதழில் இருக்கிறது, எனக்குப் பின்னால் தொங்கும் பதாகையிலும் இருக்கிறது. ஆனாலும் நான் அவரை வாத்தியார் என்றுதான் சொல்லப் போகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தினார். ஓய்வு பெறும் வரைக்கும் ஊர்த்தெருவில் பத்து வயதுப் பையன்கூட அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டான். அப்படிக் கூப்பிட்டவர்களில் அவரிடமே படித்தவர்களும் உண்டு. இதை அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். பெயரைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருப்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

மத ஆட்சியின் கொடுமையைச் சொல்லும் டிஸ்டோபியா நாவல்களைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டார்கள். அழைப்பிதழைப் பார்த்த தம்பி ஒருவர் போன் செய்தார். "அக்கா, அடி அண்ணாமலையில உக்காந்துகிட்டு இங்கிலீஷ் நாவலப் பத்திப் பேசணுமா?" நியாயமான கேள்வி. அதற்கான பதில்தான் இந்தப் பேச்சு.

டிஸ்டோபியா என்றால் துர்க்கனவு உலகம். நாளை நாடு இப்படிப் பாழாகிப்போனால் நம் கதி என்ன என்று காட்டும் கதை. ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அது 1949-ல் வந்தது. தமிழில் சுஜாதா 'என் இனிய இயந்திரா' எழுதினார். அதில் 2021-ல் ஜீவா என்ற சர்வாதிகாரி நாட்டை ஆள்கிறான், மனிதர்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்தான். அந்த எதிர்கால இந்தியாவில் பேசும் இயந்திர நாய் உண்டு, கதையை நடத்துகிற சாதி மட்டும் இல்லை. 2021-ஐ நாம் நேரிலேயே பார்த்துவிட்டோம். நாய் வரவில்லை. சாதி எங்கும் போகவில்லை.

நான் முதுகலை படித்தபோது விடுதியில் அறைத்தோழி ஒரு நாவல் கொடுத்தாள். மார்கரெட் அட்வுட் எழுதிய 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்'. 'சேடிப்பெண்ணின் கதை' என்று சொல்லலாம். 1985-ல் வந்த புத்தகம். அமெரிக்காவில் ஒரு கிறித்தவ அடிப்படைவாதக் கூட்டம் ஆட்சியைப் பிடிக்கிறது. நாட்டின் பெயர் கிலியட் என்று மாறுகிறது. பிள்ளை பெறும் சக்தியுள்ள பெண்களைப் பிடித்துத் தளபதிகளின் வீடுகளில் சேடிகளாக வைக்கிறார்கள். மனைவி மடியில் சேடி தலைவைத்துப் படுத்திருக்க, தளபதி அவளைப் புணர்கிறான். பைபிளில் ராகேல் தன் அடிமைப் பெண் பில்காளைக் கணவன் யாக்கோபுக்குக் கொடுத்த கதைதான் இதற்கு அத்தாட்சி. பெண்கள் எழுதப் படிக்கக் கூடாது. கடைப் பலகைகளில்கூட எழுத்தை அழித்துப் படம் மட்டும் வைத்துவிடுகிறார்கள். பைபிள் பெட்டியில் பூட்டியிருக்கும், தளபதி எடுத்து வாசித்தால்தான் உண்டு. சேடிக்குச் சிவப்பு உடை, மனைவிக்கு நீலம், சமையல் வேலைக்காரிக்குப் பச்சை. கதை சொல்லும் பெண்ணின் பெயர் ஆஃப்ரெட். ஃப்ரெட் என்பவனுக்கு உடையவள் என்று பொருள். அவளுடைய சொந்தப் பெயரை நாவல் நமக்குச் சொல்வதில்லை.

அறைத்தோழி இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. "நமக்கு இப்படி ஆச்சுன்னா என்னடி பண்ணுவோம்?" என்று கேட்டாள். நான் படித்து முடித்தேன். நன்றாகத்தான் தூங்கினேன். கல் மனசு என்று நினைத்துவிடாதீர்கள். படிக்கும்போது எனக்கு ஞாபகம் வந்தது எதிர்காலம் இல்லை, எங்கள் ஆயாதான். ஊர்த்தெரு முனை வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளும். தெருவைத் தாண்டி ஏரிக்கரை வந்ததும் போட்டுக்கொள்ளும். யாரும் எதிரில் நின்று மிரட்டி நான் பார்த்ததில்லை. கால் தானாக நிற்கும், கை தானாகக் கீழே போகும்.

இந்த நாவலை எழுதும்போது அட்வுட் தனக்குத்தானே ஒரு விதி வைத்துக்கொண்டார். மனிதர்கள் எங்கேயாவது எப்போதாவது ஏற்கனவே செய்யாத எதையும் கதைக்குள் சேர்ப்பதில்லை. இதை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் அந்தக் கொடுமையெல்லாம் ஏற்கனவே யாருக்கு நடந்தது? எஜமானன் பெயரைச் சுமந்தவர்கள், படிப்பு தடுக்கப்பட்டவர்கள், பெற்ற பிள்ளையைப் பிடுங்கிக் கொடுத்தவர்கள் யார்? அமெரிக்காவில் கறுப்பின அடிமைப் பெண்கள். அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதைத் தெற்குக் கரோலினா 1740-லேயே சட்டம் போட்டுத் தடுத்தது. அவர்களுக்கு இருநூறு ஆண்டு நடந்ததை எடுத்து வெள்ளைக்காரப் பெண்ணுக்கு நடப்பதாக வைத்தபோதுதான் அது உலகத்துக்குத் துர்க்கனவாகத் தெரிந்தது. நாவலில் கறுப்பின மக்களுக்கு ஒதுக்கியிருப்பது ஒரு டிவி செய்தி மட்டும். 'காமின் பிள்ளைகளை' வடக்கு டகோடாவுக்கு இடம் மாற்றுகிறார்கள் என்று ஒரு வரிச் செய்தி, அதோடு சரி. கறுப்பின விமர்சகர்கள் இதைக் கேட்டிருக்கிறார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். ஆனால் அதற்காக அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். ஒடுக்குமுறை எந்தெந்த உறுப்பால் இயங்குகிறது என்று பிரித்துக் காட்டுவதில் அதற்கு இணையான நாவல்கள் குறைவு.

இனி நம் கதைக்கு வருகிறேன்.

1930 டிசம்பர். இராமநாதபுரம் சீமை. அப்பகுதியின் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். பொன்னும் வெள்ளியும் அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயோ இடுப்புக்கு மேலேயோ துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண் பாத்திரம் மட்டும்தான். பெண்கள் ரவிக்கை, தாவணி போட்டு மார்பை மூடக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. மீறிய இடங்களில் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள், தானியக் குதிரை அழித்தார்கள், ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

ஆறு மாதம் கழித்து, 1931 ஜூனில், எட்டு பதினொன்றாக ஆனது. தேவேந்திரகுல வேளாளர்களையும் சேர்த்தார்கள். இந்த இரண்டாவது பட்டியலைக் கவனமாகக் கேளுங்கள். பெண்கள் செம்பு, பித்தளைக் குடத்தில் தண்ணீர் எடுக்கக் கூடாது. சும்மாடு வைக்கோலில்தான் இருக்க வேண்டும், துணியில் இருக்கக் கூடாது. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது, மிராசுதாரின் மாடுதான் மேய்க்க வேண்டும். ஆணும் பெண்ணும் பண்ணையில் அடிமையாக உழைக்க வேண்டும். வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் பயிரிடக் கூடாது. சொந்த நிலம் இருந்தால் மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும். விற்காவிட்டால் பாசனத் தண்ணீர் கிடையாது. மழைத் தண்ணீரில் எதையாவது விளைய வைத்தால், அறுப்புக்கு வரும்போது அதையும் கொள்ளை அடிக்கலாம். காலை ஏழு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை வேலை. ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா. கல்யாணத்துக்கு மேளம் கூடாது. மாப்பிள்ளை குதிரையில் போகக் கூடாது. பல்லக்கு வேண்டுமென்றால் வீட்டுக் கதவைக் கழற்றி அதில் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

வீட்டுக் கதவைக் கழற்றிப் பல்லக்காக்கு. எந்த நாவலாசிரியருக்கு இந்தக் கற்பனை வரும்? உட்கார்ந்து யோசித்து, பேசி, ஒருமனதாக முடிவெடுத்திருக்கிறார்கள்.

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் பட்டியல் முழுக்க உடம்பைப் பற்றியது. துணி, முடி, பூ, செருப்பு. இரண்டாவதில் நிலம், கூலி, பாசனம், பள்ளிக்கூடம். தீட்டு, வழக்கம், மரியாதை என்று ஆரம்பித்த பேச்சு ஆறே மாதத்தில் நிலத்தை எழுதிக் கொடு என்று வந்து நிற்கிறது. கிலியட்டில் இது தலைகீழாக நடக்கும். அங்கே ஒரே நாளில் பெண்களின் வங்கிக் கணக்கை முடக்குகிறார்கள், வேலையிலிருந்து அனுப்புகிறார்கள். சிவப்பு உடையும் சேடி வேலையும் அதற்கப்புறம்தான். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வந்துவிடும். சாதி என்றால் மனசு சம்பந்தப்பட்டது, கல்வி பெருகினால் போய்விடும் என்று நம் பல்கலைக்கழகங்களில் இன்னும் பாடம் நடத்துகிறார்கள். அவர்கள் அந்த எட்டாவது விதியைப் படிக்க வேண்டும், விற்காவிட்டால் தண்ணீர் கிடையாது என்கிற விதியை.

ஒரு வித்தியாசமும் இருக்கிறது. கிலியட் பெண்களை மூடுகிறது. தலையிலிருந்து கால் வரை அங்கி, முகத்தின் இரண்டு பக்கமும் வெள்ளைச் சிறகு போல மறைப்பு. நம் ஊர் வழக்கம் துணியைப் பிடுங்கியது. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடைக்காகப் பல பத்தாண்டுகள் போராடினார்கள். 1859-ல் அரசர் அனுமதி கொடுத்தார். கொடுக்கும்போதே மேல்சாதிப் பெண்கள் போடுவது மாதிரி போடக் கூடாது என்று ஒரு வரியைச் சேர்த்துத்தான் கொடுத்தார். மூடுவதா திறப்பதா என்பதில் கேள்வி இல்லை. அந்த உடம்பு யாருடைய சொத்து என்று தெருவில் போகிற எல்லோருக்கும் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இன்று அமெரிக்காவில் பெண்கள் போராட்டத்துக்கு அந்தச் சிவப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். நம் போராட்டங்களில் போட்டுக்கொள்ள நமக்கு அப்படி ஓர் உடை கிடையாது. நாம் முழுக்கைச் சட்டையும் கோட்டும் போட்டால் அதுதான் போராட்டம். அம்பேத்கர் சிலைக்கு நீலக் கோட்டு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இராமநாதபுரத்தின் மூன்றாவது தடையை எடுத்துக் காட்டுங்கள்.

அம்பேத்கர் 1936-ல் லாகூரில் ஜாத் பாத் தோடக் மண்டல் மாநாட்டில் பேச ஓர் உரை எழுதினார். அதைப் படித்துப் பார்த்துவிட்டு அவர்கள் மாநாட்டையே கைவிட்டார்கள். அவர் தன் செலவில் அச்சடித்து வெளியிட்டார். அதுதான் சாதி ஒழிப்பு நூல். பேசாத பேச்சு எண்பது ஆண்டு தாண்டியும் வாசிக்கப்படுகிறது. (நாம் இன்று பேசுவதை அச்சடித்து வைப்பதற்கும் அங்கிருந்துதான் தைரியம்.) பேஷ்வாக்கள் ஆட்சியில் பூனாவில் தீண்டப்படாதவர் கழுத்தில் மண்சட்டி கட்டிக்கொள்ள வேண்டியிருந்ததை அதில் எழுதுகிறார். எச்சில் தரையில் விழக் கூடாது, அதற்குச் சட்டி. நடந்த காலடித் தடத்தை அழிக்க இடுப்புக்குப் பின்னால் ஒரு துடைப்பம். தன் தடத்தைத் தானே பெருக்கிக்கொண்டு நடக்கும் மனிதன். ஆர்வெல்லின் அரசாங்கம் பழைய செய்தித்தாளைத் திருத்தி எழுதுவதற்கு ஓர் இலாகாவே வைத்திருந்தது. பூனாவில் ஒரு துடைப்பம் போதுமானதாக இருந்தது.

அதே நூலில் அம்பேத்கர் மதத்தை இரண்டாகப் பிரிக்கிறார். கோட்பாடுகளால் ஆன மதம் ஒன்று, விதிகளால் ஆன மதம் இன்னொன்று. கோட்பாடு உன்னை யோசித்து நடக்கச் சொல்லும், பொறுப்பு உன்னுடையது. விதி சொன்னபடி நடக்கச் சொல்லும், யோசனைக்கே இடமில்லை. இந்துக்கள் மதம் என்று சொல்வது கட்டளைகளும் தடைகளும் சேர்ந்த மூட்டை என்பது அவர் வாதம். மத ஆட்சியைச் சொல்லும் எல்லா நாவல்களுக்கும் இந்த ஒரு பிரிவு போதும் என்று நினைக்கிறேன். கிலியட்டில் தளபதிக்குக்கூட பக்தி கிடையாது. ரகசிய விடுதிக்குப் போகிறான், தடை செய்த பழைய பத்திரிகைகளை ஒளித்து வைத்திருக்கிறான். விதி மட்டும் உறுதியாக நிற்கிறது. கடவுள் அங்கே அச்சடித்த முத்திரை மட்டும்தான்.

பெயருக்கு வருவோம் என்றேன். மனு இரண்டாம் அத்தியாயத்தில் பெயர் வைக்கும் விதி இருக்கிறது. பிராமணன் பெயர் மங்கலமாக, சத்திரியன் பெயர் வலிமையைக் காட்டுவதாக, வைசியன் பெயர் செல்வத்தைக் காட்டுவதாக, சூத்திரன் பெயர் இழிவாக. நாம் அந்த நாலிலும் இல்லை. வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தையும் அரக்கையும் ஊற்றச் சொல்வது கௌதம தர்மசூத்திரம். அது நடைமுறையில் இருந்ததா என்று அறிஞர்கள் வாதம் செய்வார்கள், செய்யட்டும். எழுதி வைத்தவனுக்கு என்ன ஆசை இருந்தது என்பதில் வாதம் இல்லையே. வாத்தியாரைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட பத்து வயதுப் பையன் மனுவைப் படித்தவன் இல்லை. அவன் அப்பாவும் படித்தவர் இல்லை. இங்கேதான் நாவல்கள் நமக்கு உதவாமல் போகின்றன.

நாவல்களில் அரசாங்கம் ஒன்று இருக்கும். தளபதி, உளவாளி, சிறை, சுவரில் தொங்கும் பிணம். அரசாங்கம் கவிழ்ந்தால் கொடுமை முடிந்துவிடும். நம்முடைய ஆட்சிக்குத் தலைநகர் கிடையாது. கோவில் நுழைவு உரிமைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல் வந்துவிட்டது. அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. பிறகு 1955-ல் ஒரு சட்டம், 1989-ல் ஒரு சட்டம். நம் மாவட்டத்திலேயே, தண்டராம்பட்டு வட்டாரம் தென்முடியனூரில், அறநிலையத்துறைக் கட்டுப்பாட்டில் உள்ள முத்துமாரியம்மன் கோவிலுக்குள் நம் மக்கள் கால் வைத்தது 2023 ஜனவரி 30. மாவட்ட ஆட்சியரும் போலீசும் கூட வர வேண்டியிருந்தது. சட்டத்துக்கும் அந்தக் காலடிக்கும் நடுவில் 76 ஆண்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் செல்லங்குப்பம் மாரியம்மன் கோவில். அதே ஆண்டு ஜூனில் பக்கத்து விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் நம்மை விடாத திரௌபதி அம்மன் கோவிலுக்கு வருவாய்த்துறை பூட்டுப் போட்டு முத்திரை வைத்தது. இத்தனை ஆண்டு தடுத்தது எந்தத் தளபதி? எந்த ஆணை? எழுத்தில் ஒன்றுமே இல்லை. 'எங்க வழக்கம்' என்ற ஒரு சொல்தான்.

அந்தச் சொல்லுக்கு நீதிமன்றமும் மயங்கிய காலம் உண்டு. 1897-ல் கமுதி கோவிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். இராமநாதபுரம் அரசர் வழக்குப் போட்டார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் அவர்களுக்கு நுழையும் உரிமை இல்லை என்று உறுதியானது. விலக்கியது சாஸ்திரமும் வழக்கமும், முத்திரை குத்தியது வெள்ளைக்கார நீதிபதி. மதச்சார்பற்ற எந்திரத்தை வைத்தே மத ஆட்சியை ஓட்டலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அட்வுட்டின் நாவலில் லிடியா அத்தை என்று ஒருத்தி வருவாள். சேடிகளுக்குப் பயிற்சி கொடுப்பவள். உங்களுக்குத்தான் கஷ்டம், உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்குச் சுலபமாக இருக்கும் என்பது அவள் சொல்லும் ஆறுதல். ஏனென்றால் அவர்களுக்கு வேறு வாழ்க்கையின் ஞாபகமே இருக்காது. இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். ஆஃப்ரெட்டுக்கு ஞாபகம் இருக்கிறது. அவளுக்கு வேலை இருந்தது, கணவன் இருந்தான், மகள் இருந்தாள், தன் பேர் இருந்தது. அதை நினைத்து நினைத்துத்தான் உயிரோடு இருக்கிறாள். எங்கள் ஆயாவுக்கு அப்படி ஒரு 'முன்னாடி' இல்லை. அதனுடைய ஆயாவுக்கும் இல்லை. லிடியா சொன்ன பின்னால் வந்தவர்கள் நாம்தான்.

அயோத்திதாசப் பண்டிதரை நான் புதிதாகப் படிக்க ஆரம்பித்தது இதற்குப் பிறகு. 1907-ல் பத்திரிகை தொடங்கி, 1914-ல் இறக்கும்வரை வாரம் வாரம் எழுதினார். இந்திரர் தேசம் என்றார், நாம் பூர்வ பௌத்தர் என்றார், பண்டிகைக்கும் சொல்லுக்கும் வேறு பொருள் சொன்னார். சமூகவியல் வகுப்பில் இதையெல்லாம் ஆதாரமில்லாத வரலாறு என்று ஒதுக்கிவிடுவார்கள். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லாராய்ச்சியும் தேறும் என்று நானும் வாதாட வரவில்லை, சில தேறாது. ஆனால் அவர் செய்த வேலை என்னவென்று இந்த நாவல் வழியாகத்தான் எனக்கு விளங்கியது. ஞாபகம் இல்லாதவர்களுக்கு அவர் ஒரு 'முன்னாடி'யைக் கட்டிக் கொடுத்தார். இது எப்போதும் இப்படியே இருந்ததில்லை என்று ஒருவனுக்குத் தோன்றினால்தான் இது இப்படியே இருக்காது என்பதும் தோன்றும். வடக்கே ரவிதாஸ் துயரமில்லாத ஊர் ஒன்றைப் பாடினார், அதற்குப் பேர் பேகம்புரா. வரி கிடையாது, பயம் கிடையாது. செருப்புத் தைத்த மனிதர் கண்ட கனவு. மேல்தட்டு இலக்கியம் துர்க்கனவில் தேர்ந்திருக்கிறது. நம் மரபு நல்ல கனவில் தேர்ந்திருக்கிறது. துர்க்கனவை எழுத நமக்குக் கற்பனை தேவைப்படவில்லை என்பதுதான் காரணமோ என்னவோ.

இந்தியாவில் இந்த வகையில் வந்த நாவல் பிரயாக் அக்பரின் 'லைலா', 2017-ல். நகரம் முழுக்க மதில், ஒவ்வொரு சமூகத்துக்கும் தனிப் பகுதி, தூய்மை என்பதே ஆட்சியின் மந்திரம். வேறு மதத்தில் கல்யாணம் செய்த ஷாலினி தன் மகளைப் பறிகொடுத்துத் தேடுகிறாள். 2019-ல் நெட்ஃபிளிக்ஸ் தொடராகவும் வந்தது. நல்ல நாவல்தான். ஆனால் அங்கேயும் மதிலுக்கு உள்ளே இருந்தவள் வெளியே தள்ளப்படுவதுதான் கதை. முதலிலிருந்தே வெளியே இருந்தவர்கள் பின்னணியில் வந்து போகிறார்கள். வசதியாக இருந்தவர் விழுவதுதான் துர்க்கனவு, விழுந்தே கிடப்பவர் நிலைமை வெறும் நிலவரம். எனக்கு மனசு நிறைந்தது ஆக்டேவியா பட்லரைப் படித்தபோதுதான். கறுப்பினப் பெண். அவருடைய அம்மா வெள்ளைக்காரர் வீடுகளில் பின்வாசல் வழியாகப் போய் வீட்டு வேலை செய்தவர். 1993-ல் 'பாரபிள் ஆஃப் தி சோவர்', 1998-ல் அதன் தொடர்ச்சி. இரண்டாவது நாவலில் ஒரு மதவாதி, அமெரிக்காவை மீண்டும் மகத்தானதாக்குவோம் என்று சொல்லி அதிபராகிறான். நான் 1998 என்று சொன்னதைக் கவனியுங்கள். அவனுடைய ஆட்கள் கதாநாயகி கட்டிய குடியிருப்பைப் பிடித்து, மக்கள் கழுத்தில் மின்பட்டை மாட்டி, பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். பட்லருக்கு இது அதிர்ச்சி இல்லை. அடிமைக்காலம் திரும்பி வருகிறது என்று நிதானமாக எழுதுகிறார். அவருடைய பெண் அழுதுகொண்டு உட்காராமல் ஆட்களைச் சேர்க்கிறாள், விதை சேர்க்கிறாள், எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறாள். அய்யன்காளி ஞாபகம் வரும் உங்களுக்கு. எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் இறங்க மாட்டோம் என்று வேலை நிறுத்தம் செய்தவர்.

நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும், வாத்தியார் இருந்தால் இதை விடமாட்டார். லிடியா ஒரு பெண். பெண்களை அடக்கப் பெண்களையே வைத்ததுதான் கிலியட்டின் சாமர்த்தியம். அம்பேத்கர் இதைப் படிநிலைப்பட்ட ஏற்றத்தாழ்வு என்றார். எல்லோருக்கும் மிதிக்க ஒருவர் கீழே இருப்பார். 1932-ல் திருநெல்வேலிப் பக்கம் பகலில் வெளியே வரவே கூடாது என்று வைத்திருந்த புரத வண்ணார்களைப் பற்றிய பத்திரிகைச் செய்தியை அம்பேத்கர் எடுத்துக் காட்டினார். கண்ணில் பட்டாலே தீட்டு. அவர்கள் துணி வெளுத்தது யாருக்கு? நமக்கு. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994-ல் வந்தபோது நம்மில் பலருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் எவ்வளவு, கூச்சம் எவ்வளவு என்று முப்பது வருடம் ஆகியும் நாம் பிரித்துப் பார்க்கவில்லை. அருந்ததியர் வீட்டில் பெண் எடுக்க, பெண் கொடுக்கத் தயங்குகிற வீடுகள் இந்தக் கூட்டத்திலும் இருக்கும். அதே இமையத்தின் 'செடல்' நாவலில் மழை வர வேண்டும் என்று ஊர் ஒரு சிறுமியைச் சாமிக்குப் பொட்டுக்கட்டி விடுகிறது. கிலியட்டின் சேடியைப் படித்தவர்கள் அடுத்து செடலைப் படியுங்கள். இங்கே 1947-ல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். அதற்கும் பதினோரு ஆண்டு முன்னாலேயே மூவலூர் இராமாமிர்தம் இதை நாவலாக எழுதிவிட்டார்.

கடைசியாக, மாணவர்களுக்கு. அட்வுட்டின் நாவல் ஆஃப்ரெட் கதையோடு முடிவதில்லை. 2195-ல் ஒரு பல்கலைக்கழகக் கருத்தரங்கம் நடக்கிறது. கிலியட் ஒழிந்து ரொம்ப காலம் ஆகிவிட்டது. அவள் ஒலிநாடாவில் பேசி வைத்ததைக் கண்டெடுத்த பேராசிரியர் கட்டுரை வாசிக்கிறார். நகைச்சுவை சொல்கிறார், அவை சிரிக்கிறது. அவள் உண்மையில் யார் என்பது நிரூபிக்கப்படவில்லை என்கிறார். இவளுக்குப் பதிலாகத் தளபதியின் கணினியிலிருந்து ஓர் இருபது பக்கம் கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று வருத்தப்படுகிறார். பலர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு நாவலிலேயே மிகவும் வலித்தது இதுதான். நான் ஆய்வேட்டில் எங்கள் ஆயா சொன்னதைச் சேர்த்தபோது, இது தகவல் இல்லை, உணர்ச்சி, ஊர் மணியக்காரர் கணக்கு ஏதாவது கிடைக்குமா பாருங்கள் என்று சொன்னார்கள். சொன்னவர் நல்லவர்தான். கிலியட் போன பிறகும் அந்தக் கருத்தரங்கில் உட்கார்ந்திருந்தவர்களும் நல்லவர்கள்தான்.

அதனால் ஒரு வேலை கொடுத்துவிட்டு உட்காருகிறேன். உங்கள் வீட்டில், தெருவில் எழுபது வயது தாண்டியவர்கள் இருந்தால் போனில் பதிவு செய்யுங்கள். எந்தத் தெருவில் செருப்பைக் கழற்றினார்கள், எந்தக் கடையில் தனிக் குவளை இருந்தது, எந்த வருடம் நின்றது, நிறுத்தியது யார். தெருப் பேரோடு, வருடத்தோடு கேளுங்கள். இந்த மலையைச் சுற்றி வருகிற 14 கிலோமீட்டரில் எத்தனை சேரி இருக்கிறது, அங்கிருந்து எந்தெந்தக் கோவிலுக்குள் எப்போது போனார்கள் என்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம். பௌர்ணமி விடிந்த காலையில் பாதையைப் பெருக்குகிற அக்காக்களிடமும் கேளுங்கள், அவர்களுக்கு எல்லோரையும்விட அதிகம் தெரியும். எங்கள் ஆயாவிடம் நான் எழுதி எடுத்தது நாலு பக்கம்தான். இன்னும் கேட்டிருக்கலாம் என்று நினைத்தபோது ஆயா இல்லை.

நேரம் ஆகிவிட்டது. கேள்விகள் இருக்கும், கேளுங்கள். போனில் கேட்ட தம்பி முதலில் கேட்கட்டும்.